ஒரே ரேஷன் கார்டில் ஆறு பேர்: அதில் ஏழை யார் என்று எப்படி எழுதுவது?

குழுக் கணக்கு (செங்கம் பக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஊரில் யாரெல்லாம் ஏழை என்ற பட்டியலைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரு வரி. கூரையா, ஓடா, தளமா, நிலம் எவ்வளவு, மாடு, வண்டி, சம்பாதிப்பவர் எத்தனை பேர் என்று கேட்டு, கடைசியில் மிக ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்ற நான்கில் ஒன்றில் டிக் போட வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு இதில் சிக்கல் இல்லை. ஊரே கூடி உட்கார்ந்து சொல்வதால் பொய்யும் அதிகம் நுழையாது. மூன்று பேர் விஷயத்தில்தான் எனக்கு டிக் போட மனசு வரவில்லை.

முதலில் ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். மூன்று மகன்கள், தனித்தனி வீடு, மூன்றும் தளம் போட்டவை. பெரியவர் பெங்களூரில் சென்ட்ரிங் மேஸ்திரி. பாட்டிக்கு மாதம் ஒரு வீட்டில் சாப்பாடு. பெயர் பெரிய மகன் கார்டில் இருக்கிறது. பைக், ஃபிரிட்ஜ், இரண்டு ஏக்கர் கொல்லை, கிணறு எல்லாம் உள்ள வீடு என்பதால் 'வசதி' என்றுதான் படிவம் எழுதச் சொல்கிறது. ஆனால் தன் காசு என்று பாட்டியிடம் எதுவும் கிடையாது. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடித்த கொல்லையில், மண்ணுக்குள் தங்கிப்போன காய்களைக் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கிக் காயவைத்துப் படிக்கணக்கில் கடையில் போடுகிறார். வெற்றிலைக்கும் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துக்கும் அந்தக் காசுதான். 31 தேதி வரும் மாதங்களில் அந்த ஒரு நாள் யார் வீட்டுக் கணக்கு என்று மருமகள்களுக்குள் பேச்சு வந்துவிடும். அது முடியும்வரை பாட்டி யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார மாட்டார். மாரியம்மன் கோயில் பக்கம் போய்விடுவார்.

இரண்டாவது, எங்கள் குழுவிலேயே இருக்கும் ஒரு பெண். வயது 28. கட்டட வேலைக்குப் பெங்களூர் போன கணவர் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அவர் ஊருக்கு வந்து நான்கு வருஷம் ஆகப்போகிறது. இரண்டு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவள் பெயர் இன்னும் மாமியார் கார்டில். உரிமைத்தொகை ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தானே? அந்த 1,000 ரூபாய் மாமியார் கணக்கில் ஏறுகிறது. அரிசியும் அங்கேதான். அண்ணன் நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அண்ணியிடம்தான் கேட்க வேண்டும். 'கைவிடப்பட்டவர்' என்று எழுதிக்கொள்ளவா என்று கேட்டேன். "எழுதாதீங்க அக்கா, நாளைக்கு வந்துட்டா?" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அண்ணன் வீடு படிவத்தில் 'நடுத்தரம்'.

மூன்றாவது, கணவர் இறந்துபோன ஒரு பெண். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாவது. ஓய்வூதியம் 1,200 வருகிறது. நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போகிறாள். எங்கள் பக்கம் பெண்ணாளுக்கு 300 ரூபாய், ஆணாளுக்கு 600. மருந்தடிப்பது, வரப்பு வெட்டுவது ஆண் வேலை என்பார்கள். மல்லாட்டை பிடுங்குவதில் மட்டும் இருவரும் ஒரே வரிசையில் ஒரே அளவு பிடுங்குவார்கள், சாயந்திரம் கூலி மட்டும் வேறு. இவள் வீட்டில் மூன்று பேர், அதே தெருவில் புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகும் இன்னொரு வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால் இரண்டு வீடும் ஒன்றாக வருகிறது. ஒன்று இல்லை என்று ஊருக்கே தெரியும். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் வீட்டில் அன்றைக்கு வரவு பூஜ்யம்.

கேட்க வந்தது இரண்டு விஷயம். வீட்டை வைத்து எழுதாமல் ஆளை வைத்து எழுதும் முறை எங்காவது இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? அப்புறம், பட்டியல் எப்படிப் போனாலும் இந்த மூன்று பேருக்கும் இப்போதே செய்யக்கூடியது என்ன?

பொருளியல் மாணவி, மதுரை:

அக்கா, உங்களுக்கு வந்த சங்கடம் பெரிய கணக்கெடுப்புகளுக்கும் இருக்கிறது. வறுமை அளவுகோல்கள் கிட்டத்தட்ட எல்லாமே வீட்டைத்தான் அளக்கின்றன. வீட்டின் மொத்தச் செலவைத் தலைகளால் வகுத்து, வருகிற தொகையை எல்லோருக்கும் சமமாக எழுதிவிடுவார்கள். மேஸ்திரி மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே பாட்டிக்கும் என்று ஆகிவிடும்.

மத்திய அரசின் நிதி ஆயோக், உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத் தரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து பல பரிமாண வறுமைக் குறியீடு என்று ஒன்றை வெளியிடுகிறது. அதன்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2015-16-ல் 4.76 சதவீதம், 2019-21-ல் 2.20 சதவீதம். நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் அதில் படிப்பை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஒருவராவது ஆறு வருஷம் படித்திருந்தால், படிப்பில் அந்த வீட்டுக்கே குறை இல்லை. பேரன் எட்டாவது முடித்திருந்தால் கைநாட்டு வைக்கும் பாட்டிக்கும் படிப்புக் குறை இல்லை என்று கணக்கு சொல்லும். பாட்டி வங்கிக்குப் போய்ப் படிவம் நிரப்பும்போது பேரன் கூடவா வருவான்?

உங்கள் மூன்றாவது பெண் விஷயத்துக்குப் பொருளியல் ஆய்வாளர்கள் ழான் திரேஸும் பி.வி. சீனிவாசனும் 1997-லேயே பதில் தேடியிருக்கிறார்கள். இந்தியக் கிராமங்களில் கணவரை இழந்த பெண்களின் வறுமை பற்றிய ஆய்வு அது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பெண் தலைமையில் நடக்கும் வீடுகள் கூடுதல் ஏழை என்று தெரியவில்லை. ஆனால் சின்னக் குடும்பத்துக்கு ஆளுக்கு ஆகும் செலவு கூடுதல் என்பதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலே படம் மாறிவிடுகிறது. தனியாக இருக்கும் பெண்ணும், கல்யாணமாகாத பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணும் சராசரியைவிட ஏழை என்று வருகிறது. மூன்று பேருக்குச் சமைத்தாலும் ஆறு பேருக்குச் சமைத்தாலும் விறகு கிட்டத்தட்ட ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். ஆகவே நீங்கள் கண்ணால் பார்த்தது சரி. வகுத்தல்தான் அதை மறைக்கிறது.

உலகக் கணக்கிலும் இது தெரிகிறது. 25 முதல் 34 வயதுக்குள் கடும் வறுமையில் 100 ஆண்கள் இருந்தால் 122 பெண்கள் இருக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-ல் எழுதியது. அந்த வயதில்தான் மடியில் குழந்தை இருக்கும், கூலிக்குப் போக முடியாது. குழந்தைகள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கடும் வறுமையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள், மக்கள் தொகையிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இது யுனிசெஃபும் உலக வங்கியும் 2023-ல் சொன்னது.

ஆளை வைத்து எழுதும் முறை ஆராய்ச்சிகளில் உண்டு, அரசுப் பட்டியல்களில் நான் பார்த்ததில்லை. என் யோசனை: படிவத்தை அப்படியே நிரப்பிக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு, 'தன் கைக்கு மாதம் எவ்வளவு வருகிறது, அதைக் கேட்காமல் செலவு செய்ய முடியுமா' என்ற இரண்டை மட்டும் ஆள்வாரியாக எழுதிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:

அம்மா, சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் வந்தது. கணவரை இழந்த ஆதரவற்ற பெண்களுக்கு 1975-ல். கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு 1986-ல். ஐம்பது வயதைக் கடந்த, திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கு 2008-ல். ஒவ்வொரு திட்டமும் முந்தையதில் விடுபட்டவர்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. 2023 ஆகஸ்டிலிருந்து தொகை 1,200. இதில் மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு மத்திய அரசு தருவது 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500, கணவரை இழந்தவர்களுக்கு 300. அந்த 200 ரூபாய் பதினைந்து வருடத்துக்கு மேலாக அப்படியே நிற்கிறது. அரிசி விலை நின்றதா?

பாட்டி விஷயம். 'மகன்கள் உள்ளனர்' என்று இரண்டு வார்த்தை எழுதி மனுவைத் திருப்பிவிடுவது ஊருக்கு ஊர் நடக்கிறது. மகன் இருக்கிறானா என்பது கேள்வியே இல்லை. ஆதரவு தருகிறானா என்று விசாரிக்க வேண்டும். மனுவில் 'மாதம் ஒரு வீட்டில் உணவு மட்டும், கையில் பணம் இல்லை, மருத்துவச் செலவுக்கு வழியில்லை' என்று அப்படியே எழுதுங்கள். அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும். தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயமும் இருக்கிறது. மாதம் 10,000 வரை பிள்ளைகளிடமிருந்து பெற்றுத் தரலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் உள்ளூரில் இருந்துகொண்டு மூன்று மகன்கள் மேலும் மனுப் போட எந்தத் தாயும் சுலபமாக வர மாட்டார். வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த விசாரணைக்குள் திரும்ப வாங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம்.

28 வயதுப் பெண்தான் எனக்கு அதிகக் கவலை. கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு 30 வயது நிரம்ப வேண்டும். விவாகரத்தோ, பிரிந்து வாழ்வதற்கான நீதிமன்ற உத்தரவோ, இல்லையென்றால் பிரிந்து ஐந்து வருடமோ ஆகியிருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் போதாது. பிள்ளைகள் சிறிதாக இருக்கும் இந்த வருடங்களில்தான் பணம் அதிகம் தேவை. விதி அந்த வருடங்களைத்தான் வெளியே தள்ளுகிறது. பணியில் இருந்தபோதும் இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன், அந்த ஐந்து வருடம் தப்பு.

ஆனால் ஓய்வூதியம் ஒன்றுதான் வழி என்று இல்லை. முதலில் கார்டைப் பிரியுங்கள். மாமியார் வீட்டில் சம்மதிக்காவிட்டாலும், கள விசாரணை செய்து பெயரை நீக்கித் தனி அட்டை தரலாம். வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு. தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க வருவார்கள், அண்ணன் வீட்டில் ஒரு ஓரத்திலாவது அடுப்பு, பாத்திரம், அரிசி டப்பா தனியாக இருக்க வேண்டும். அது காட்டுவதற்காக மட்டும் இல்லாமல் உண்மையாகவே இருக்கட்டும். தனி அட்டை வந்தால் அவரே குடும்பத் தலைவி. 21 வயது கடந்தவர் என்பதால், உரிமைத்தொகைக்கு மனு வாங்கும்போது தன் பெயரிலேயே கொடுக்கலாம்.

பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 4,000 உதவி உண்டு. தாய் கணவரை இழந்தவராகவோ, விவாகரத்தானவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளைகள் அதில் வருகிறார்கள். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில். உங்கள் மூன்றாவது பெண்ணும் இதற்கு எழுதிப்போட வேண்டும். கணவர் இறந்தபோது குடும்ப நல நிதி 20,000 வாங்கினாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

லாரி புக்கிங், சங்ககிரி:

அக்கா, ஆண்களில் இருக்கும் தனியாட்களையும் அந்த நோட்டில் ஏற்றுங்கள். எங்கள் ஷெட்டில் ஒரு கிளீனர் அண்ணன், வயது 58. சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வந்தவர், கல்யாணம் இல்லை. இடுப்பு போய்விட்டது, லோடு கட்ட முடியாது. பழைய தார்ப்பாய் மேல் படுத்துக்கொள்வார், டிரைவர்கள் வாங்கித் தருவதுதான் சாப்பாடு. கார்டு இல்லை, முகவரி இல்லை. திருமணமாகாத பெண்ணுக்கு 50 வயதில் கிடைப்பது இவருக்கு 60 ஆனால்தான். பெண்களுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. வீடு என்று ஒன்று இருந்தால்தான் உங்கள் படிவத்தில் வரியே வரும், இவர் எந்த வரியில் வருவார் என்று கேட்கிறேன்.

இரண்டாவது மருமகள், ஆத்தூர்:

பாட்டி கதையைப் படித்தேன். மருமகள்கள் பக்கம் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அக்கா.

எங்கள் மாமியாருக்கும் மாத முறைதான். என் வீட்டுக்காரருக்குச் சவ்வரிசி ஆலையில் வேலை, கிழங்கு வரத்து இருந்தால்தான் கூலி. வரத்து இல்லாத மாதம் மாமியார் முறை வந்தால் வீட்டில் அரிசி அதே அரிசி, வாய் மட்டும் ஒன்று கூட. நாலு முட்டை வாங்கினால் வீட்டுக்காரருக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. மாமியாருக்கும் எனக்கும் குழம்பு. அவர் தன் பங்கில் பாதி பிய்த்து வைத்தால் அது அத்தைக்குப் போகும், வயசானவங்க. நான் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவேன். இப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை, என் அம்மாவும் இப்படித்தான். போன தடவை நர்ஸ் வந்து ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தபோது எனக்கு எட்டு, வீட்டுக்காரருக்குப் பதினாலு. ஒரே சட்டியில் சாப்பிடுகிறோம்.

31-ஆம் தேதிச் சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த ஒரு வேளைச் சோற்றை அளந்து பார்க்கிற நிலையில் எங்களை வைத்தது எது என்றும் உங்கள் நோட்டில் ஒரு வரி இருக்கட்டும். மாமியாருக்கு அந்த 1,200 வந்தால் முதலில் நிம்மதி எனக்குத்தான்.

பொருளியல் மாணவி, மதுரை:

ஆத்தூர் அக்கா, உங்கள் எட்டும் பதினாலும் நாடு முழுக்க இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை 57 சதவீதம், அதே வயது ஆண்களில் 25. பெண்களுக்கு மாதவிடாய், பிரசவம் என்று உடம்பு சார்ந்த காரணங்களும் உண்டு, ஆனால் கடைசியில் சட்டியை வழிப்பதும் அதற்குள் இருக்கிறது. தயவுசெய்து இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள்.

சங்ககிரி அண்ணா சொன்னதும் சரி. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் துணையை இழந்தவர்கள் சுமார் 5.6 கோடி, அதில் 78 சதவீதம் பெண்கள். ஆண்கள் பலர் மறுமணம் செய்துகொள்கிறார்கள், கணவர் வயதில் மூத்தவராக இருப்பதும் ஒரு காரணம். எண்ணிக்கையில் பெண்கள் அதிகம் என்பதால் திட்டங்கள் அங்கே போயின. தனியாக விழுந்துவிட்ட ஆணுக்கு வலை மிகவும் சின்னது.

குழுக் கணக்கு (செங்கம் பக்கம்):

எல்லோருக்கும் நன்றி. ஆத்தூர் தங்கச்சி, எனக்குக் கோபமே இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு பாட்டியின் மருமகள்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய்ப் பேசினேன். சின்ன மருமகளின் கம்மலும் செயினும் அடகில் இருப்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது. குழுவில் பக்கத்தில் உட்காருகிறவள்.

நோட்டுப் போட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு வரி. எங்கள் தெருவை மட்டும் முடித்ததிலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 'வசதி' என்று டிக் போட்ட வீடுகளில் வயதான பெண்களில் ஒருவருக்குக்கூடத் தன் கைக்கு என்று மாதம் எதுவும் வரவில்லை. 'ஏழை' என்று போட்ட வீட்டில் ஓய்வூதியம் வாங்கும் கிழவி ஒருத்தி பேரனுக்கு மிக்சர் வாங்கித் தருகிறாள், மருமகள் அவளிடம் கடன் கேட்கிறாள். பட்டியலில் எந்த வீடு மேலே, எந்த வீடு கீழே என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஊர்க் கூட்டத்தில் இந்த நோட்டையும் வாசிக்கப் போகிறேன். ஆண்கள் சிலர் முறைப்பார்கள், பரவாயில்லை. சங்ககிரித் தம்பி, எங்கள் ஊர் சாவடியில் படுக்கும் ஒருவரையும் சேர்த்துவிட்டேன், வீட்டு எண் இடத்தில் 'சாவடி' என்று எழுதி.

பாட்டி மனு எழுதியாகிவிட்டது. பெரிய மருமகளே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

சார், அந்த 28 வயதுப் பெண்ணிடம் பேசினேன். கார்டு பிரிக்க ஒத்துக்கொண்டாள். "அவர் வந்தா திரும்பச் சேர்த்துக்கலாமா" என்று கேட்டாள், சேர்க்கலாம் என்றேன். அண்ணன் பின்பக்கத் தாழ்வாரத்தில் அடுப்பு வைக்க இடம் விட்டிருக்கிறார். வாத்சல்யாவுக்கு வருமானச் சான்று வேண்டுமே, இப்போதே இ-சேவையில் போடலாமா?

ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்:

இப்போது போடாதீர்கள் அம்மா. அண்ணன் வீட்டு முகவரியில், தனி அட்டை இல்லாமல் வருமானச் சான்று கேட்டால் விசாரணைக்கு வருபவர் அண்ணன் வருமானத்தையும் சேர்த்து எழுத வாய்ப்பு அதிகம். 72,000-ஐத் தாண்டிவிடும், மனு அங்கேயே நின்றுவிடும். முதலில் அட்டை. அது கையில் வந்ததும் தாயும் பிள்ளைகளும் மட்டும் உள்ள குடும்பமாக வருமானச் சான்று. கூடவே வட்டாட்சியரிடம் கைவிடப்பட்ட பெண் சான்றும் கேளுங்கள், அது ஓய்வூதிய மனு இல்லை என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் படிப்புச் சான்று, அவர்கள் ஆதார், தாயோடு சேர்ந்த வங்கிக் கணக்குப் புத்தக நகல் இவற்றை இப்போதே தயார் செய்யலாம். பிள்ளைகள் ஆதாரில் முகவரி மாமியார் வீடாக இருந்தால் அதை மாற்றுவதை இந்த வாரமே ஆரம்பியுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.